பட்டியலில் இல்லாத தவளை

வட அமெரிக்காவின் பனியுகத்தைப் பற்றி கொஞ்சம் படித்தாலே ஒரு விஷயம் கண்ணில் படும். மாமத் போச்சு, மாஸ்டோடான் போச்சு, கத்திப்பல் பூனை போச்சு. ஆனா தவளை, தேரை, பாம்பு, பல்லி? கிட்டத்தட்ட எல்லாமே அப்படியே இருக்கு. சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த பிளைஸ்டோசீன் காலம் முழுக்க பனிப்பாளம் வந்து வந்து போயிருக்கு. இந்தச் சின்ன உயிர்கள் மட்டும் பெரிதாக அழியவும் இல்லை, உருமாறவும் இல்லை. இதுதான் பாடம்.

இந்தப் பாடத்தை நிலைநிறுத்தியதில் ஜே. ஆலன் ஹோல்மனுக்குப் பெரிய பங்கு உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். வட அமெரிக்காவின் பிளைஸ்டோசீன் இருவாழ்விகள், ஊர்வன பற்றிய அவருடைய நூல் 1995-ல் வந்தது. ஒவ்வொரு தோண்டுமிடத்திலும் என்னென்ன கிடைத்தன என்று தொகுத்த உழைப்புக்காகவே அதை மதிக்கணும். என் கேள்வி அந்தப் பெயர்ப்பட்டியல்கள் எப்படி உருவாயின என்பதைப் பற்றியது.

முதலில் எலும்பு எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். முழு எலும்புக்கூடு கிடைப்பது அபூர்வம். ஆந்தை தின்றுவிட்டுக் கக்கிய உருண்டைகள் குகையில் விழுந்து, மட்கி, மண்ணோடு கலந்து கிடக்கும். கிளாட் ஹிப்பர்ட் 1940களில் ஒரு வழியைப் பிரபலப்படுத்தினார்: மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசி, மிஞ்சுவதைக் காயவைத்துப் பொறுக்குவது. நம்ம வீட்டில் அரிசி களைந்து கல் பொறுக்குகிற மாதிரிதான். கையில் வருவது தவளையின் இலியம் (இடுப்பெலும்பின் நீண்ட பகுதி), பாம்பின் முள்ளெலும்பு, பல்லியின் தாடைத்துண்டு. அவ்வளவுதான்.

அடுத்து, இந்தத் துண்டு எந்த இனம் என்று சொல்லணும். வழக்கமான முறை இது: அந்தப் பகுதியில் இன்று வாழும் தவளைகளின் எலும்புக்கூடுகளை எடுத்து வைத்து, எதோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அந்தப் பெயரைக் கொடுப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனா நிரல் எழுதுகிறவன் காதில் இது வேற மாதிரி விழுது. 'உங்கள் சொந்த ஊர் எது?' என்று ஒரு படிவம் தயாரிக்கிறோம். தேர்வுப் பட்டியலில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் மட்டும் இருக்கு. 'மற்றவை' என்ற வாய்ப்பே இல்லை. ஆயிரம் பேர் நிரப்பிய பிறகு, "நம் ஊரில் இருப்பவர்கள் நூற்றுக்கு நூறு தமிழ்நாட்டுக்காரர்கள்" என்று அறிக்கை எழுதினால் அது கண்டுபிடிப்பா? படிவத்துக்குள் போட்டதைத்தானே திருப்பி எடுத்தோம்!

2010-ல் கிறிஸ்டஃபர் பெல், ஜாக் கோத்தியே, கேப் பீவர் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். இன்றைய உயிரினங்களின் பட்டியலை வைத்து எலும்புக்குப் பெயர் கொடுத்தால், பழைய உயிரினங்கள் இன்றையவையாகவே தெரியும். அதை வைத்து 'எதுவும் மாறவில்லை' என்று முடிவு கட்டினால், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம். 'எதுவும் மாறவில்லை' என்பது தவறு என்று அவர்கள் நிரூபிக்கவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கவே இந்த முறையால் முடியாது என்றார்கள். என் கணக்கில் இது இன்னும் கடுமையான குற்றச்சாட்டு. தோற்கவே முடியாத சோதனை, சோதனையே இல்லை.

சிறுத்தைத் தவளையை எடுத்துக்கலாம். உடம்பெல்லாம் புள்ளி. ஒரு காலத்தில் கண்டத்தின் பெரும்பகுதியில் இருந்த இந்தத் தவளைகளை ரானா பிப்பியன்ஸ் என்ற ஒரே இனமாகப் பார்த்தார்கள். பிறகு அவை கத்தும் ஒலியையும் இனக்கலப்பையும் கவனித்தபோது, அதற்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. அவற்றில் ஒன்றான ரானா பிளேரிக்கு 1973-ல்தான் பெயரே வைத்தார்கள். உயிரோடு குளத்தங்கரையில் உட்கார்ந்து கத்துகிற தவளையையே பிரிக்கத் திணறினோம். ஒற்றை இடுப்பெலும்பை வைத்து, அதுவும் அந்தப் பிரிவினைக்கு முன்பு, 'இது பிப்பியன்ஸ்' என்று எழுதியதை எந்த அளவுக்கு நம்புவது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைக்குள் ஒரே அரிசி என்பதால் அது செல்லும். பீவர் 2005-ல் வட அமெரிக்கத் தேரைகளின் இலியத்தை ஆராய்ந்தபோது, ஒரே இனத்துக்குள்ளேயே அந்த எலும்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பது தெரியவந்தது. இனத்துக்கு அடையாளம் என்று நினைத்த மேடும் பள்ளமும் வயசாலோ ஆண் பெண் வேறுபாட்டாலோ வந்ததாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு இனத்திலும் பல எலும்புக்கூடுகள் வேணும். அருங்காட்சியகங்களிலோ தவளையும் பாம்பும் பெரும்பாலும் சாராய ஜாடிக்குள் முழு உடலாகத்தான் மிதக்கின்றன.

இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்துது. பனியுகத்தோடு அழிந்த ஊர்வனவற்றில் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஹெஸ்பெரோடெஸ்டுடோ என்ற ராட்சத நில ஆமை. இன்றைய வட அமெரிக்காவில் அந்த அளவுக்கு நில ஆமையே கிடையாது. அதனால் பட்டியலில் உள்ள எதோடும் அதைப் பொருத்த வழியில்லை. அழிவு நம் கண்ணுக்குத் தெரிந்தது, மறைக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்த இடத்தில். விரல் நீள தவளை ஒன்று அழிந்திருந்தால், அதன் எலும்பு பக்கத்து இனத்தின் பெயரோடு ஏதோ ஒரு டப்பாவில் இன்றும் இருக்கலாம்.

சரி, மாற்று வழி என்ன? பெல் குழுவினர் சொல்வது: எலும்பில் தனித்துவமான, புதிதாகத் தோன்றிய அடையாளம் எந்த மட்டம் வரை இருக்கிறதோ அதுவரை மட்டும் பெயர் சொல்லு. பேரினம் என்றால் பேரினம், குடும்பம் என்றால் குடும்பம். இதிலும் ஒரு பலவீனம் உண்டு. 'ஏதோ ஒரு தேரை' என்று எழுதிவிட்டால் இனம் அழிந்ததா என்ற கேள்விக்கு இதுவும் பதில் சொல்லாது. பழைய தட்பவெப்பத்தைக் கணிக்கவும் உதவாது. ஹோல்மன் தரப்புக்கு இருக்கிற நல்ல வாதம் இதுதான். ஆனாலும் நான் பெல் பக்கம்தான். தெரியாததைத் தெரியாது என்று பதிவு செய்தால், நாளைக்கு வருகிறவர் அந்த டப்பாவை மறுபடி திறப்பார். உறுதியான பெயர் ஒட்டிய டப்பாவை யார் திறக்கப் போறாங்க?

பட்டியலைத் தாண்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கு. காலத்தால் மிகவும் பிந்தையது, ஆனாலும் வேலை அதே எலும்பு வேலைதான். குளத்தவளை என்ற இனம் அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். வந்தேறிதானே, யார் கவலைப்பட்டார்கள்? 1990களில் அது அங்கே அற்றுப்போச்சு. கிறிஸ் கிளீட்-ஓவன், கிழக்கு இங்கிலாந்தில் சாக்சன் காலப் படிவுகளில் கிடைத்த தவளை எலும்புகளை, உள்ளூர்த் தவளைகளோடு நிறுத்தாமல் மற்ற ஐரோப்பியத் தவளைகளோடும் ஒப்பிட்டார். குளத்தவளை மட்டுமில்லை, இன்று பிரிட்டனில் இல்லாத சதுப்புத்தவளையின் எலும்பும் அதில் இருந்தது என்பது 2000-ல் அவர் வெளியிட்ட முடிவு. மரபணு ஆய்வும் இந்தத் தவளை ஸ்காண்டிநேவியத் தவளைகளுக்குச் சொந்தம் என்று காட்டியது. அது மண்ணின் உயிர்தான் என்று ஏற்றுக்கொண்டு, 2005-ல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து நார்ஃபோக்கில் விட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே இருக்கு. குளத்தவளையின் பெயருக்கு முன்னால் 'சி.எஃப்.' என்று இரண்டெழுத்து. 'இதைப் போல இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று அர்த்தம். ஒரு இனத்தையே மீட்க உதவிய எலும்புக்கு, அதை ஆராய்ந்தவர் கொடுத்த உறுதி அவ்வளவுதான்.

இதெல்லாம் நிபுணர்களின் உள்சண்டை, நமக்கென்ன என்று விடமுடியாது. 2023-ல் வந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி இருவாழ்வி இனங்களில் சுமார் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. 'பனியுகத்தையே தாண்டி வந்த தவளைக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டா?' என்ற வாதம் காதுக்கு இதமாக இருக்கும். அதன் அடித்தளம் மேலே சொன்ன பெயர்ப்பட்டியல்கள்தான்.

இப்போது சி.டி. ஸ்கேன் வந்ததால், ஜாடித் தவளையை வெளியே எடுத்து அறுக்காமலே எலும்பைப் பார்க்கலாம். ஓவெர்ட் என்ற அமெரிக்கத் திட்டம் 13,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பிகளை ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கு. நல்ல காரியம். ஆனா அதன் நோக்கம் பல பேரினங்களையும் தொடுவது. நமக்கு இங்கே வேண்டியது ஒரே இனத்தில் ஐம்பது, நூறு. அந்தச் சலிப்பூட்டும் வேலையை யாராவது செய்யும்வரை, பனியுகத் தவளைகள் மாறவே இல்லை என்று எங்காவது படித்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாங்க?