பத்து மீட்டர் உயரத்தில் நேயர் இல்லை

நகரம் விரிந்துவிட்டது, ஆகவே டிரான்ஸ்மிட்டரின் திறனையும் கூட்ட வேண்டும் என்ற வாதம் எஃப்.எம். ஒலிபரப்பைப் பற்றிப் பேசும் இடங்களில் அடிக்கடி எழுகிறது. சென்னையை முன்வைத்துப் பேசுகிறவர்களுக்குப் புள்ளிவிவரமும் கைகொடுக்கிறது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022இல் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக நீட்டப்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் வரை போய்விட்டது. இவ்வளவு பெரிய நிலத்துக்குப் பழைய கிலோவாட் எப்படிப் போதும் என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமாகவே படும். ஆனால் கரகரப்பைப் பற்றிய புலம்பல் அரக்கோணத்திலிருந்துதான் வருகிறதா? தியாகராய நகர் அடுக்குமாடியின் இரண்டாம் தளச் சமையலறையில், டவரிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில், ரேடியோவை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வாதத்தில் என்ன பதில் இருக்கிறது? ஒரு பதிலும் இல்லை. திறனைக் கூட்டச் சொல்பவர்கள் பெருநகர ஒலிபரப்பின் உண்மையான நோயை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மருந்து கேட்கிறார்கள்.

இன்றைய ஏற்பாட்டின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1977இல் மெட்ராஸில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியதிலிருந்து இன்றுவரை, அதன் ஒலித் தெளிவுக்கு முன்னால் மத்திய அலையால் நிற்க முடியவில்லை. தனியார் நிலையங்கள் ஒரே டவரையும் ஒரே ஆன்டெனாவையும் பகிர்ந்துகொள்ளும் முறை சிறந்த பொறியியல். ஆளுக்கொரு டவர் என்று போயிருந்தால், ஒரு நிலையத்தின் டவருக்கு அடியில் குடியிருப்பவர் மற்ற நிலையங்களைக் கேட்கவே முடியாமல் போயிருக்கும். திறன் தேவையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. நகரின் விளிம்பில், திறந்த வெளியில், காரில் போகிறவருக்கு அது உதவுகிறது.

ஆனால் எவ்வளவு உதவுகிறது? தனியார் எஃப்.எம். உரிமங்களுக்கான மூன்றாம் கட்ட விதிகள் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா போன்ற ‘ஏ பிளஸ்’ நகரங்களுக்கு 25 முதல் 50 கிலோவாட் வரை வெளிப்படு திறனை அனுமதிக்கின்றன. ஆன்டெனாவின் உயரம் 75 முதல் 300 மீட்டர் வரை இருக்கலாம். 25ஐ 50 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். சமதரையில், அடிவானத்துக்கு உட்பட்ட தூரத்தில், சிக்னல் எட்டும் தொலைவு திறனின் நான்காம் படிமூலத்தின்படிதான் கூடும். மின்கட்டணத்தை இரட்டிப்பாக்கி வாங்குவது ஏறத்தாழ 19 விழுக்காட்டுத் தொலைவு மட்டுமே. நாற்பது கிலோமீட்டர் நாற்பத்தெட்டைத் தொடாது. ஆன்டெனாவின் உயரத்தை இரட்டிப்பாக்கினாலோ 6 டெசிபல் கிடைக்கிறது, அதாவது திறனை நான்கு மடங்காக்கியதற்குச் சமம்.

நியூயார்க் இதை நெடுங்காலமாகவே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே பெருநகர நிலையங்களுக்கான உச்சவரம்பு 150 மீட்டர் உயரத்தில் 50 கிலோவாட். அதைவிட மிக உயரமான எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒலிபரப்பும் நிலையங்கள் பலவும் 6 கிலோவாட் அளவிலேயே அந்தப் பெருநகரைச் சென்றடைகின்றன. அவ்வளவு தூரம் போவானேன், நம் கோடை பண்பலை இருக்கிறதே! கொடைக்கானல் மலைமேல் நிற்கும் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் திண்டுக்கல், மதுரை, தேனி, திருச்சி என்று எத்தனை ஊர்களை எட்டுகிறது! 100.5 என்ற எண் தென்மாவட்ட டீக்கடைகளில் பழகிப்போனதற்குக் காரணம் கிலோவாட் அல்ல, மலை. சென்னைக்கு அப்படியொரு மலை கிடையாது. விமான நிலையத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடும் உண்டு. அந்தக் குறையைத் திறனைக் கொண்டு ஈடுகட்டுவது விலை மிகுந்த வழி.

இதுவரை சொன்னது செலவுக் கணக்கு. என் நெடுநாள் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. நிலையங்கள் விளம்பரதாரர்களிடம் விரித்துக் காட்டும் எல்லை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் டவர், சுற்றிலும் வண்ண வட்டங்கள். அந்த வட்டங்கள் எந்த நேயருக்காக வரையப்படுகின்றன? எஃப்.எம். திட்டமிடலுக்கான பன்னாட்டுப் பரிந்துரை, தரைக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் சிக்னலைக் கணக்கிடுகிறது. மொட்டைமாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டிப் பாட்டுக் கேட்ட காலத்துக்கு அது பொருந்தியது. இன்று சென்னையில் எஃப்.எம்.முக்காக மாடியில் ஆன்டெனா வைத்திருப்பவர் யார்? நேயர் தரைத்தளத்தில் இருக்கிறார், பேருந்தில் இருக்கிறார், தையல் கடையின் மூலையில் இருக்கிறார்.

இந்த வித்தியாசம் சில்லறை விஷயமல்ல. பத்து மீட்டரிலிருந்து ஆள் உயரத்துக்கு இறங்கும்போதே சிக்னல் 10 டெசிபல் அளவுக்கு விழுந்துவிடும், அதாவது பத்தில் ஒரு பங்காகிவிடும். கான்கிரீட் சுவரைத் தாண்டி உள்ளறைக்குப் போனால் இன்னொரு பத்து டெசிபல் போய்விடும். நூறில் ஒன்று மிஞ்சும். அதைத் திறனால் ஈடுகட்ட நினைத்தால் 25 கிலோவாட்டை 2,500 கிலோவாட் ஆக்க வேண்டும். அனுமதியின் உச்சமே 50 என்றிருக்கும்போது 25ஐ 50 ஆக்குவதைத் தீர்வு என்று எப்படி அழைப்பது?

அதே பரிந்துரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு நாட்டுப்புறத்தில் 54 டெசிபல் அளவுச் சிக்னல் போதும், நகரத்துக்கு 66 வேண்டும், பெருநகரத்துக்கு 74 வேண்டும் என்கிறது அது. கிராமத்துக்கும் பெருநகருக்கும் இடையே 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு. நகரத்தின் மின்னிரைச்சலை வெல்ல அவ்வளவு தேவைப்படுகிறது. இன்று வீட்டுக்கு வீடு மலிவான எல்.இ.டி. விளக்குகளும் மொபைல் சார்ஜர்களும் வந்துவிட்டன. அவற்றில் பல, எஃப்.எம். இயங்கும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சலைக் கக்குகின்றன. விளக்கை அணைத்தால் பாட்டு தெளிவதைப் பலர் வீட்டிலேயே கண்டிருப்பார்கள். டவர் பக்கம் என்ன செய்தாலும் நேயரின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள அந்த இரைச்சல் குறையாது.

இதைவிட மோசமானது எதிரொளிப்பு. கத்திப்பாராவிலோ அண்ணா சாலையிலோ நெரிசலில் கார் நிற்கிறது. பாட்டு திடீரென்று ‘சர்ர்’ என்று சிதைகிறது. முன்வண்டி நகர, நீங்களும் ஓரடி நகர்ந்ததும் பாட்டு திரும்பிவிடுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். டவரிலிருந்து நேராக வரும் அலையும், எதிரேயுள்ள கண்ணாடிக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, சற்றுத் தள்ளிக் கூடிக்கொள்கின்றன. திறனை இரட்டிப்பாக்கினால் நேரலையும் இரட்டிப்பாகும், எதிரலையும் இரட்டிப்பாகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும், சிதைவும் அப்படியே இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கோபுரங்களை எழுப்பிவிட்டு, அங்கே கேட்கும் கரகரப்புக்குக் கூடுதல் கிலோவாட்டை மருந்தாகச் சொல்பவர்கள் இந்த எளிய இயற்பியலைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

காசு அதிகம் செலவாகாத மருந்து ஒன்று உண்டு. யாரும் அதைத் தொடுவதில்லை. ஸ்டீரியோவில் ஒலிபரப்பினால், அதே அளவு தெளிவுக்கு மோனோவைவிட ஏறத்தாழ 20 டெசிபல் கூடுதல் சிக்னல் வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் ஒரு தொகுப்பாளர் பேசுகிறார், நேயர்கள் தொலைபேசியில் அழைக்கிறார்கள், விளம்பரம் ஓடுகிறது. இதில் இடது காதுக்கு என்ன, வலது காதுக்கு என்ன? அந்த நேரத்துக்காவது மோனோவுக்கு மாறினால், சிக்னல் மெலிந்த இடத்தில் ஸ்டீரியோ ரேடியோவில் கேட்பவருக்கு, எந்த டிரான்ஸ்மிட்டராலும் தர முடியாத அளவு இரைச்சல் குறையும். விவரிப்பதற்குக் கவர்ச்சியான செய்தி இல்லை என்பதைத் தவிர இதை மறுப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ‘எங்கள் நிலையம் மோனோவுக்கு மாறியது’ என்று பதாகை வைக்க முடியாது. ‘எங்கள் திறன் இரட்டிப்பானது’ என்று வைக்கலாம்.

அடுத்து, நேயர் கையில் இருக்கும் கருவி. பெரும்பாலானோருக்கு எஃப்.எம். என்றால் மொபைல். அதன் ஆன்டெனா ஹெட்போன் கம்பிதான். கம்பி சுருண்டால் சிக்னலும் சுருங்கும். பல புதிய போன்களில் ஹெட்போன் துளையே இல்லை, பலவற்றில் எஃப்.எம். வசதியும் இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர்க் காலத்தில் அது உயிர்காக்கும் என்பதும் அமைச்சகம் சொன்ன காரணங்களில் ஒன்று.

அந்தக் காரணத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. பேரிடரில் வானொலிதான் துணை என்று ஒலிபரப்புத் துறையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அது உண்மைதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மின்சாரம் போனது, மொபைல் சேவை குலைந்தது. அப்படிப்பட்ட இரவில் நேயர் எங்கே இருப்பார்? கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, உள்ளறையில், பேட்டரி ரேடியோவையோ சார்ஜ் குறைந்துவரும் போனையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் நிச்சயமாகப் பத்து மீட்டர் உயரக் கம்பத்தில் இல்லை. அவருக்குக் கேட்கிறதா என்பதை வரைபடம் சொல்லாது. உரிமத்தில் ஆன்டெனாவின் உயரத்துக்கு விதி இருக்கிறது, திறனுக்கு விதி இருக்கிறது. அவர் காதில் விழுவதற்கு ஒரு விதியும் இல்லை.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டர் தன் அலைவரிசையைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் சேர்த்து அடைத்துக்கொள்கிறது. இதற்கு மேல், ஒரே நகரின் தனியார் நிலையங்களுக்கு இடையே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடும் வழக்கம். அதை 400 ஆகக் குறைக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2012இல் பரிந்துரைத்தது. மறுபக்கம் சமுதாய வானொலிக்கு அனுமதி பொதுவாக 100 வாட், ஆன்டெனா 30 மீட்டர். 2004இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். அந்த வகையில் நாட்டுக்கே முன்னோடி. பெரிய நிலையத்துக்குத் திறன் கூடக் கூட, இத்தகைய சிறிய நிலையம் புதிதாக நுழைய இடம் குறையும்.

வெளிநாடுகளில் பெரிய டிரான்ஸ்மிட்டரைப் பெருக்காமலே இடைவெளியை நிரப்பியிருக்கிறார்கள். இத்தாலியின் நெடுஞ்சாலைகளில் இசோராடியோ 103.3 என்ற ஒரே அலைவரிசையில், நேரம் ஒத்திசைக்கப்பட்ட சிறு டிரான்ஸ்மிட்டர்களை வரிசையாக வைத்து ஒலிபரப்புகிறது. ஓட்டுநர் சேனலை மாற்றவே வேண்டாம். சென்னையின் நிழல் பகுதிகளில் சில நூறு வாட் நிரப்பு டிரான்ஸ்மிட்டர்களை இப்படி வைத்துப் பார்க்கலாம். ஒத்திசைவு தவறினால் எல்லைகளில் புதிய சிதைவு வரும் என்பது உண்மைதான். கவனமாகச் செய்ய வேண்டிய வேலைதான் அது. ஆனாலும் அது நேயர் இருக்கும் இடத்துக்குப் போகிறது.

மூன்றாம் கட்ட உரிமங்கள் 15 ஆண்டுகளுக்கானவை. 2015இல் அந்த முறைக்கு மாறிய நிலையங்களுக்கு 2030இல் காலம் முடிகிறது. அதற்குப் பிந்தைய நிபந்தனைகளில் திறனுக்கான உச்சவரம்பை உயர்த்தும் கோரிக்கை நிச்சயம் வரும். அதைக் கேட்கும் நிலையம் முதலில் ஒரு வேலை செய்யட்டும். சாதாரண ரேடியோவையும் ஹெட்போன் கம்பியோடு ஒரு மொபைலையும் எடுத்துக்கொண்டு வடசென்னையின் ஓட்டு வீட்டிலும், வேளச்சேரி அடுக்குமாடியின் தரைத்தளத்திலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தகரக் கூரைக்கு அடியிலும் ஆள் உயரத்தில் அளந்து, இடத்தின் பெயரோடும் அளவோடும் அந்தக் கணக்கை வெளியிடட்டும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே கோரிக்கையைப் பரிசீலிக்கட்டும்.