தடி கைமாறும்போது

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்ட லயங்களில் நடுவதற்கான மரவள்ளித் தடியைப் பெரும்பாலும் யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பக்கத்து வீட்டில் கிழங்கு பிடுங்கினால் தடி நமக்கு வரும். நாம் பிடுங்கினால் பசறைக்குக் கலியாணம் கட்டிப்போன மகள் வீட்டுக்குப் போகும். 2022இல் மாவும் அரிசியும் எட்டாத விலைக்கு ஏறியபோது இந்தக் கைமாற்றின் அருமை தெரிந்தது. கடன் இல்லை, கடை இல்லை, ருசி தெரிந்த கிழங்கு. இதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் தடி தனியாக வருவதில்லை. இலையில் மஞ்சள் திட்டுப் படர்ந்து, ஓரம் சுருண்டு, கிழங்கு சிறுத்துப்போகும் தேமல் என்ற வைரசு நோயும் கூடவே வரலாம். வெள்ளை ஈயும் அதைப் பரப்பும். பெரும்பாலான வைரசுகள் விதைக்குள் போவதில்லை என்பதால், விதையில் முளைக்கும் பயிர் தலைமுறைக்கொரு தடவை ஓரளவு கழுவப்படுகிறது. தடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. திராட்சையும் கொடி வெட்டி நடும் பயிர்தான். அதில் இதுவரை 80க்கும் மேற்பட்ட வைரசுகள் கண்டறியப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெவ்வேறு வைரசுகள் ஒரே செடியில் சேர்ந்தால் நிலைமை இன்னும் சிக்கல். பெருகும்போது மரபணுத் துண்டுகள் இடம் மாறிப் புதுக்கலப்புப் பிறக்கும். இலங்கை மரவள்ளித் தேமல் வைரசே அதற்கு உதாரணம். அதன் மரபுப்பொருள் ஏ, பி என இரண்டு வளையங்கள். பி வளையம் இந்திய மரவள்ளித் தேமல் வைரசினுடையதற்கு மிக நெருக்கம். ஏ அவ்வளவு நெருக்கமில்லை. ஏ வளையத்தோடு மட்டும் வாழ்ந்த ஒரு வைரசு, இந்திய வைரசின் பி வளையத்தைத் தனதாக்கிக்கொண்டது என்று 2002இல் வெளியான ஆய்வு முடிவு கட்டியது. 1990களில் உகண்டாவின் மரவள்ளியைச் சூறையாடியதும் இரண்டு ஆபிரிக்க வைரசுகள் கலந்து பிறந்த ஒன்றுதான். நம் நாட்டுப் பெயர் தாங்கிய வைரசோ 2015இல் கம்போடியாவில் தென்பட்டு, வியட்நாம், தாய்லாந்து என்று பரவிவிட்டது. ஈ கடல் தாண்டியிருக்காது; தடிதான் போயிருக்க வேண்டும்.

பழக்கத்தின் உண்மையான ஓட்டை கொடுப்பதில் இல்லை, தெரிவு செய்யும் நேரத்தில் இருக்கிறது. கிழங்கு பிடுங்கும் நாளில்தான் தடியைப் பார்க்கிறோம். இலையைக் கழித்துச் சுவரில் சாய்த்து வைத்த தடியில் தேமல் எப்படித் தெரியும்? இலை நிற்கும்போதே நல்ல செடியில் ஒரு துணியைக் கட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆய்வுகூடத்தில் சுத்தமாக்கிய கன்று இதைவிட நல்லதுதான், வெள்ளை ஈ திரும்பத் தொற்ற வைக்கும்வரை. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே இனத்தைக் கொடுத்தால் வேறொரு ஆபத்து. இங்கே மலைமலையாக நிற்கும், துண்டு நட்டு வளர்த்த வீபி தேயிலை அப்படிப்பட்டதுதான்: ஒரே தாய்ச்செடியின் நகல்கள் மலைச்சரிவு முழுக்க. ஒன்றைத் தாக்கத் தெரிந்த நோய்க்கு மற்றதும் தெரியும். லயத்துத் தோட்டமோ இரண்டு மூன்று இனங்களைக் கலந்து வைத்திருக்கிறது. அதைக் கலைத்துவிடக் கூடாது.

துணி கட்டும் யோசனைக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டுக்கு ஐந்தாறு செடிதான், ஐந்தாறிலும் தேமல் என்றால் எதில் கட்டுவது? விவசாயத் திணைக்களம் அங்கே வர வேண்டும், ஒரே இனத்தோடு அல்ல, அந்த வீட்டார் கேட்கும் இனத்தின் சுத்தமான தடியோடு.