வெள்ளைச் சேலையும் வெண்கலக் குரலும்

வடசென்னைக் காலடிப்பேட்டை நெசவாளர்க்கென எழுந்த ஊர். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் அவர்களைக் குடியமர்த்தினார். காலெட்பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அத்தகைய ஊருக்கு நன்கு தெரிந்த உண்மை ஒன்றுண்டு: தறி நெய்வது துணியை மட்டுமே. வெள்ளையென்றால் துறவு, வண்ணமென்றால் வாழ்வு என அதற்குப் பொருள் கற்பிப்பது சமுதாயம்! அந்த உண்மையை உரைகல்லாக்கி, 'கொடுமுடி கோகிலம்' கே. பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வை நோக்குவோம்.

1908இல் கொடுமுடியில் வறுமையிடையே பிறந்தார். இரயிலில் பாடிய சிறுமி, நாடக மேடையின் அரசியானார். ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசைக்கும் கேட்ட குரல் அது. சொல் சிதையாத தமிழ் அது. எஸ். ஜி. கிட்டப்பாவுடன் 'வள்ளி திருமணம்' நடித்தார். 1927இல் அவரையே மணந்தார். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஊர் கேட்டதா? சட்டம் கேட்டதா? இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இல்தான் வந்தது!

1933இல் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று வெள்ளை உடுத்தார். எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1980இல் மறையும்வரை அந்த உறுதி தளரவில்லை.

விளைவு என்ன? அவர் பெயர் நிலைத்த திரை வேடங்களை எண்ணிப் பாருங்கள். 1935இல் நந்தனார், ஆண் வேடம், ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1940இல் மணிமேகலை. 1953இல் ஔவையார். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். பக்தர், துறவி, மூதாட்டி! தினைப்புனத்துக் காதலைப் பாடிய குரலுக்குத் திரையில் காதலே இல்லாது போயிற்று. குரல் குன்றவில்லை, அதற்குத் திறந்த வாயில்தான் குறுகியது.

கடல் கடந்து பாரிசு நகரைப் பாருங்கள். அங்கே தெருவில் பாடி வளர்ந்து, இசையரங்குகளை ஆண்டவர் எடித் பியாஃப். அவர் மேடையில் உடுத்தியது கருப்பு. காதலர், குத்துச்சண்டை வீரர் மர்செல் செர்தான், 1949இல் விமான விபத்தில் மாண்டார். பியாஃப் அழுதார், பாடினார், 1952இலும் 1962இலும் மணம் புரிந்தார். 1963இல் அவர் இறந்தபோது, வாழ்ந்த முறை சரியில்லை என்று திருச்சபை இறுதிப் பூசையை மறுத்தது. மக்களோ கடலெனத் திரண்டு வழியனுப்பினர்.

அங்கே, மீண்டும் மணந்தவளுக்குப் பூசை மறுப்பு! இங்கே, மணக்காதிருந்தவளுக்குப் பூசையே சிறப்பு! தண்டனை வேறு, பாராட்டு வேறு, அளவுகோல் ஒன்றே. பாடகியின் பாட்டை அளக்காமல் அவள் படுக்கையறையை அளக்கும் கோல் அது.

சுந்தராம்பாளின் உறுதி அவருடையது. அதைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடினார் என்பதற்காக அவர் கலையை நாம் குறைக்கவும் மாட்டோம். நாம் கேட்பது ஒன்றே: மனைவியை இழந்த பாடகன் எவனேனும் வெள்ளை உடுத்தி, பெண்ணோடு நடிக்க மறுத்தான் என்று நாடு கோயில் கட்டியதுண்டா? கைம்பெண் மறுமணத்துக்கு 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு குரல் கொடுத்தது. அதன்பின் நான்காண்டு கழித்து வெள்ளை உடுத்திய இளம் கலைஞரை, 'பத்தினி' என்று வாழ்த்த ஆயிரம் நாவு எழுந்தது. 'பாடு, ஆடு, விரும்பியபடி வாழ்' என்று சொல்ல எத்தனை நாவு எழுந்தது?

தம் உழைப்பால் ஒரு லட்சம் ஈட்டியவர். சட்ட மேலவையில் அமர்ந்தவர். தமிழை ஓங்கி ஒலித்தவர். இனி அவரைப் பற்றி எழுதும் எழுத்தாளர்கள் முதல் பத்தியைச் சேலைக்குத் தராமல், குரலுக்குத் தரட்டும்!