வரிசைகளைத் தரும் ஃபங்ஷன்: வசதியும் விலையும்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், 2002இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து, வரிசைகளைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை அட்டவணை நிற்கும் இடத்திலேயே, அதாவது வினவலின் ‘ஃப்ரம்’ பகுதியிலேயே, நிறுத்த முடிகிறது. எந்தெந்த நெடுவரிசைகள் திரும்பி வரும் என்பதை ‘ரிட்டர்ன்ஸ் டேபிள்’ என்று ஃபங்ஷனின் தலைப்பிலேயே எழுதிவைக்கும் வழி 2009இல் வெளியான 8.4 பதிப்பில் வந்தது. எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. இயக்கும் பொறிக்கு இது வசதியா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பல குழுக்கள் இதைக் கையாள்வதுதான் என் கவலை.

முதலில் நியாயமான பெருமைகள். ‘வியூ’வுக்கு உள்ளீடு கொடுக்க முடியாது, ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம். கணக்கு எண்ணைக் கொடுத்தால் அந்தக் கணக்கின் வரவு, செலவு, மீதி எல்லாம் வரிசை வரிசையாக வந்துவிடும். மீதியைக் கணக்கிடும் விதி ஒரே இடத்தில் இருப்பதால் இணையதளம், கைப்பேசிச் செயலி, மாதாந்திர அறிக்கை மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும். ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ என்று அறிவித்தால், அடிப்படை அட்டவணையைத் தொட உரிமை இல்லாதவரும் அனுமதிக்கப்பட்ட வரிசைகளை மட்டும் பார்க்கலாம். ‘லேட்டரல்’ வந்தபின் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஃபங்ஷனை அழைத்து இணைப்பதும் எளிதாகிவிட்டது.

சிக்கல் பிளானரிடம் தொடங்குகிறது. எந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவது, எந்த அட்டவணையை முதலில் படிப்பது என்று முடிவெடுப்பது அதுதான். பிஎல்-பிஜிஎஸ்க்யூஎல் மொழியில் எழுதிய ஃபங்ஷனின் உள்ளே அது எட்டிப் பார்ப்பதில்லை. நாம் வேறொன்றும் சொல்லாவிட்டால், அதிலிருந்து 1000 வரிசைகள் வரும் என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் வருவது மூன்றாக இருந்தாலும் முப்பது லட்சமாக இருந்தாலும் கணிப்பு 1000தான். அதை நம்பி அடுத்த அட்டவணையோடு இணைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், நொடியில் முடிய வேண்டிய வினவல் மணிக்கணக்கில் ஓடக்கூடும். ‘ரோஸ்’ என்ற குறிப்பால் எண்ணிக்கையை நாமே சொல்லலாம். ஆனால் அது நிலையான எண், உள்ளீட்டுக்கேற்ப மாறாது. 12ஆம் பதிப்பு இதற்கென்று துணை ஃபங்ஷன் எழுத இடம் தந்தது. அதையோ சி மொழியில் எழுத வேண்டும்.

இன்னொரு விலையும் உண்டு. ‘ரிட்டர்ன் குவரி’ என்ற சொல்லைப் பார்த்தால் வரிசைகள் பிறக்கப் பிறக்க வெளியே வருவதுபோலத் தோன்றும். அப்படியல்ல. எல்லா வரிசைகளும் ஓரிடத்தில் சேர்ந்தபிறகே ஃபங்ஷன் திரும்புகிறது. ‘ஒர்க் மெம்’ என்ற நினைவக அளவைத் தாண்டினால் அவை வட்டில் எழுதப்படும். அந்த அளவு இயல்பாக 4 எம்பிதான். முதல் பத்து வரிசைகள் போதும் என்று வெளியே ‘லிமிட்’ போட்டாலும் உள்ளே முழு வேலையும் நடந்தே தீரும். வெளியே எழுதிய தேதி நிபந்தனையும் உள்ளே இறங்காது. தேதிக்கென்று இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை.

வரிசை எண்ணிக்கையைக் கணிப்பதில் தடுமாறுவது போஸ்ட்கிரெஸின் தனிக் குறை அல்ல. எஸ்க்யூஎல் சர்வரில் பல கூற்றுகள் கொண்ட அட்டவணை ஃபங்ஷனுக்கு ஒரு வரிசை என்றுதான் நெடுங்காலம் கணித்தார்கள். 2014 பதிப்பில் அதை 100 ஆக்கினார்கள். முதலில் ஃபங்ஷனை ஓட்டி, வந்த எண்ணிக்கையைப் பார்த்தபின் மீதியைத் திட்டமிடும் முறை 2017 பதிப்பில்தான் வந்தது. ஆரக்கிளின் ‘பைப்லைன்’ ஃபங்ஷன்கள் வரிசைகளை உடனுக்குடன் அனுப்புகின்றன. ஆனால் கணிப்பில் அங்கும் இதே தடுமாற்றம்தான்.

போஸ்ட்கிரெஸில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படவில்லை. ஃபங்ஷனை வெறும் எஸ்க்யூஎல் மொழியில், ஒரே ‘செலக்ட்’ கூற்றாக எழுதி, ‘ஸ்டேபிள்’ என்று அறிவித்தால், பிளானர் அதைப் பிரித்து வெளி வினவலோடு கலந்துவிடும். கணிப்பு சரியாகும், நிபந்தனை உள்ளே இறங்கும், இண்டெக்ஸ் வேலை செய்யும். அறிவிக்க மறந்தால் ‘வாலட்டைல்’ என்றே கொள்ளப்படும், கதவு அடைபடும். ‘ஸ்ட்ரிக்ட்’ சேர்த்தாலும் அடைபடும். பாதுகாப்புக்காக ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ போட்டாலும், அதோடு சேர்த்தே எழுத வேண்டிய தேடுபாதை அமைப்பைப் போட்டாலும் அடைபடும். ஆகப் பாதுகாப்பையும் வேகத்தையும் ஒரே ஃபங்ஷனில் முழுதாகப் பெற முடியாது. எது முக்கியம் என்று எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பராமரிப்பிலும் ஓர் இடறல் உண்டு. திரும்பும் நெடுவரிசைகளில் ஒன்றைக் கூட்ட ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ்’ உதவாது. ஃபங்ஷனை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். அதை நம்பி நிற்கும் வியூக்கள் அந்த நீக்கத்தை மறிக்கும்.

என் தீர்ப்பு இதுதான்: உள்ளீடு தேவையில்லை என்றால் வியூ போதும். உள்ளீடு வேண்டுமானால் எஸ்க்யூஎல் மொழியில் எழுதுங்கள். சுழலும் கிளைப்பும் உண்மையிலேயே தேவைப்படும்போதும், வரும் வரிசைகள் சிலவே என்று தெரியும்போதும் மட்டும் பிஎல்-பிஜிஎஸ்க்யூஎல் பக்கம் போங்கள். எழுதி முடித்ததும் ‘எக்ஸ்பிளெய்ன்’ ஓட்டிப் பாருங்கள். ‘ஃபங்ஷன் ஸ்கேன்’ என்ற வரி அங்கே தெரிந்தால், பிளானர் இன்னும் வெளியேதான் நிற்கிறது.