நாற்பது வயதுக் குழந்தை

அனுதாபம் நல்ல குணந்தான். ஆனால் கதை சொல்லுகிறவனுக்கு அது சற்று ஆபத்தான குணம். ஒரு பாத்திரத்தின்மேல் இரக்கம் மிகுந்துவிட்டால், அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்க அவனுக்குத் தோன்றுவதில்லை. தன் இரக்கத்துக்கு எது வேண்டுமோ அதைச் செய்து முடித்துவிடுகிறான். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று நேற்றுவரை நாம் சொல்லிவந்த, அறிவுசார் குறைபாடு உடையவர்கள் என்று இன்று சொல்லுகிற மனிதர்களைப் பற்றிய நம் படங்களில் இந்த விபத்து அடிக்கடி நேர்ந்திருக்கிறது.

மணிரத்னத்தின் 'அஞ்சலி'யை (1990) எடுத்துக்கொள்வோம். இறந்து பிறந்தது என்று தாயிடம் சொல்லி மறைக்கப்பட்ட குழந்தை, இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதும் முகம் சுளிக்கிறது. இந்தப் பகுதியில் பொய்யே கிடையாது. தாம்பரத்திலும் சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் பிளாட்டுகளில் குடியிருப்பவர்களுக்கு அந்த முகச்சுளிப்பு நன்றாகவே தெரியும். "எங்கள் குழந்தைகள் பயப்படுகின்றன" என்று தொடங்கும் பேச்சை எந்தக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் கேட்கலாம். படம் போகப் போக அண்டை வீட்டார் மனம் மாறுகிறார்கள். அந்த மனமாற்றம் நிஜமானதா என்று முப்பது வருஷம் கூட வாழ்ந்து பார்த்தால் அல்லவா தெரியும்? அதற்குள் குழந்தை இறந்துவிடுகிறது. கொட்டகையே அழுகிறது. கேள்வி மட்டும் பதிலில்லாமல் நிற்கிறது.

வாழ்க்கையில் இப்படி நடப்பதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983-ல் அமெரிக்காவில் சுமார் 25 வருஷம். இன்று சுமார் 60. மருத்துவம் அவர்களை வாழவைத்துவிட்டது. கதைகள்தாம் இன்னும் சாகடித்துக்கொண்டிருக்கின்றன. மகனுக்கு நாற்பது வயது, அம்மாவுக்கு எழுபது வயது என்றிருக்கும் வீடுகள் நம் புறநகர்களில் உண்டு. அந்த அம்மாவின் கவலை ஒன்றே ஒன்று: "எனக்குப் பிறகு?" அதற்காகத்தான் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதைக் கடந்தவருக்கும் ஒரு காப்பாளரை நியமிக்க அது வழி செய்கிறது. யார் கையெழுத்துப் போடுவது என்று சட்டம் சொல்லிவிடும். அவருடைய செவ்வாய்க்கிழமை எப்படிக் கழியும் என்று சொல்லவேண்டியது கதாசிரியனின் வேலை.

விஜய் இயக்கிய 'தெய்வத்திருமகள்' (2011) அந்த வேலையில் பாதி தூரம் வருகிறது. கதாநாயகன் வளர்ந்த ஆள். சாக்லேட் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். குழந்தை யாருக்கு என்று வழக்கு நடக்கிறது. விக்ரமின் நடிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முடிவைப் பாருங்கள். நீதிமன்றம் குழந்தையை அவனிடமே கொடுக்கிறது. அவனோ அவள் நன்றாகப் படிக்கவேண்டும் என்று பாட்டனார் வீட்டில் தானாகவே கொண்டுபோய் விட்டுவிடுகிறான். இந்தப் படம் 'ஐ ஆம் சாம்' (2001) என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் கொண்டது என்பது ஊரறிந்த விஷயம். அங்கே வளர்ப்புத் தாயே தகப்பனின் இடத்தை ஒப்புக்கொள்கிறாள்; கடைசிக் காட்சியில் அவன் மகளோடு இருக்கிறான். நாமோ அவனைத் தியாகியாக்கித் தனியே அனுப்பிவிட்டோம். சட்டம் கொடுத்த உரிமையைக் கதை பறித்துக்கொண்டது. தெய்வம் என்று பட்டம் கொடுத்துவிட்டால் மனிதனுக்குரிய பங்கைக் கொடுக்கவேண்டியதில்லை போலும்!

நல்ல வாழ்க்கை என்பதை எதைக்கொண்டு அளப்பது? ராபர்ட் ஷாலக் என்ற அமெரிக்க அறிஞர் எட்டு விஷயங்களைச் சொல்லுகிறார்: மன நலம், உடல் நலம், பிறரோடு உறவு, கைப்பொருள், கற்று வளர்தல், தானே முடிவு செய்தல், ஊரோடு கலத்தல், உரிமை. இதில் புதுமை ஒன்றுமில்லை. நீங்களும் நானும் கேட்பது இந்த எட்டுந்தான். அவர்கள் விஷயத்தில் மட்டும் சோறும் துணியும் இருந்தால் போதும் என்று நாம் கணக்கை முடித்துவிடுகிறோம்.

இந்த அளவுகோலில் தேறும் படம் வேறொன்று. அறிவியல் எதையும் அறியாத பாரதிராஜாவின் 'பதினாறு வயதினிலே' (1977). ஊரார் சப்பாணி என்று கூப்பிடுகிறார்கள், எடுபிடி வேலை வாங்குகிறார்கள், கேலி செய்கிறார்கள். அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. மயில் அதை அவனுக்கு மீட்டுக் கொடுக்கிறாள். பெயர் வந்ததும் ரோஷம் வருகிறது. அவன் ஆசைப்படுகிறான், உழைக்கிறான், ஒருத்தியைக் காப்பாற்றக் கொலையும் செய்து சிறைக்குப் போகிறான். சிறை சுகமான முடிவல்லதான். ஆனாலும் தான் செய்ததற்குத் தானே பொறுப்பேற்கிற ஒரு முழு மனிதனுக்கு நேரும் முடிவு அது. மயில் காத்திருப்பது ஓர் ஆண்மகனுக்காக, குழந்தைக்காக அல்ல.

சென்னையின் தென்புறத்தில் இன்று வசதிகள் இல்லாமலில்லை. கோட்டூர்புரத்தில் 'வித்யாசாகர்' 1985 முதல் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-ல் வந்தது. பயிற்சி பெற்று வெளியே வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு எங்கே போகிறார்கள், யாரைச் சிநேகம் பிடிக்கிறார்கள், தங்கள் சம்பளத்தில் என்ன வாங்குகிறார்கள் என்பதில்தான் கதைக்கு விஷயம் இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வேலைக்குப் போய், சாயங்காலம் தனக்குப் பிடித்த பலகாரத்தைத் தானே காசு கொடுத்து வாங்கித் தின்கிற நாற்பது வயது மனிதன் ஒருவன் நம் கதைகளுக்கு வேண்டும். அவனை இளம் எழுத்தாளர் ஒருவர் எழுதட்டும். எழுதும்போது ஒரே ஒரு நிபந்தனை: கடைசி அத்தியாயத்தில் அவனைக் கொல்லக்கூடாது, கும்பிடவும் கூடாது.