பழைய ஆட்டக்காரர் கணக்கு

ஆங்கிலேயக் கால்பந்தில் 'சாம்பியன்ஷிப்' என்று ஒரு லீக் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் அதுதான் உச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அது இரண்டாம் டிவிஷன். அதற்கும் கீழே 'லீக் ஒன்' என்று ஒன்று உண்டு. அது மூன்றாவது! விற்கத் தெரிந்தவர்கள் பெயர் வைத்தால் இப்படித்தான்.

இந்த சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 46 மேட்ச். கடைசி மூன்று இடங்களில் வந்தால் கீழே தள்ளிவிடுவார்கள். மேலே இருக்கும் பிரீமியர் லீகுக்குப் போனால் டி.வி. பணம் கொட்டும். அங்கிருந்து விழுந்து வருகிறவர்களுக்கு 'பாராசூட்' என்று ஒரு உதவித்தொகை தருகிறார்கள். மேலே இருப்பவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் டி.வி. பணத்தில் முதல் வருடம் 55 சதவிகிதம், அடுத்த வருடம் 45, மூன்றாவது வருடம் 20. அப்புறம் தரைதான்.

அப்படி விழுந்த ஒரு கிளப்பைப் பற்றித்தான் 'சண்டர்லேண்ட் டில் ஐ டை' என்ற நெட்ஃப்ளிக்ஸ் தொடர். சாகும்வரை சண்டர்லேண்ட்! முதல் பாகம் 2018 டிசம்பரில் வந்தது. 2017-ல் சண்டர்லேண்ட் இரண்டாம் டிவிஷனுக்கு வந்தபோது, 'ஒரே வருஷத்தில் திரும்ப மேலே போய்விடும், அதைப் படம் பிடிக்கலாம்' என்றுதான் கேமராவோடு உள்ளே போனார்கள். கிளப் மேலே போகவில்லை. 24-வது இடத்தில் முடித்து, மூன்றாம் டிவிஷனில் போய் விழுந்தது. வெற்றி விழா வீடியோ எடுக்கப் போனவர்கள் கையில் ஒரு இழவு வீட்டு வீடியோ கிடைத்தது. தொடரின் பலமே இந்த விபத்துதான்.

முதல் எபிசோடே சர்ச்சில் தொடங்குகிறது. பாதிரியார் அணிக்காக ஜெபம் செய்கிறார். கொஞ்சம் ஓவராகத் தோன்றும். ஊரைத் தெரிந்துகொண்டால் தோன்றாது. கப்பல் கட்டும் தொழில் இந்த ஊரில் 1988-ல் நின்றுபோனது. மாங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் 1997-ல் 'ஸ்டேடியம் ஆஃப் லைட்' கட்டினார்கள். அப்பாவும் தாத்தாவும் வேலை பார்த்த இடத்துக்கு மகன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறான். மேட்ச் தோற்கிறான். 2016 டிசம்பரில் அந்த மைதானத்தில் ஒரு மேட்ச் ஜெயித்தவர்கள், அடுத்து ஜெயித்தது 2017 டிசம்பரில். நடுவில் ஒரு வருஷம் முழுக்க டிக்கெட் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்த முகங்களைத் தொடர் அற்புதமாகக் காட்டுகிறது. கேலரியில் அழுகிற பெரியவர், காரில் புலம்புகிற டிரைவர், கேன்டீன் அம்மா. குறையில்லை.

என் குறை வேறு. ரசிகர்கள் வருஷம் முழுக்க அழுதுகொண்டா இருக்கிறார்கள்? பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் இரண்டாம் டிவிஷன் ரசிகர்களின் பேச்சில் பாதி, பழைய ஆட்டக்காரர்களைப் பற்றியது. இன்றைய அணியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? யார் வந்தார், யார் போனார், போனவர் எப்படிப் போனார், இப்போது எந்த கிளப்பில் உட்கார்ந்திருக்கிறார்! தொடரைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியாததல்ல. அவர்கள் கம்பெனியின் அப்போதைய பெயரே 'ஃபுல்வெல் 73'. ஃபுல்வெல், சண்டர்லேண்டில் ஒரு பகுதி. 73 என்பது 1973. இரண்டாம் டிவிஷனில் இருந்த சண்டர்லேண்ட், பலம் வாய்ந்த லீட்ஸை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய வருடம். கோல் போட்ட இயான் போர்ட்டர்ஃபீல்டையும், அடுத்தடுத்து இரண்டு ஷாட்டைத் தடுத்த கோல்கீப்பர் ஜிம் மான்ட்கோமரியையும் அந்த ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை. தயாரிப்பாளர்கள் அந்தப் பேச்சைக் கம்பெனிப் பெயரில் வைத்துக்கொண்டு, படத்தில் விட்டுவிட்டார்கள்.

விட்டதால் என்ன நஷ்டம்? ஜாக் ராட்வெல் விஷயத்தில் தெரிகிறது.

கொஞ்சம் பி.காம். புத்தியோடு பார்ப்போம். கால்பந்து கிளப்பின் ஐந்தொகையில் ஆட்டக்காரர் ஒரு சொத்து. வாங்கிய விலையை ஒப்பந்த வருடங்களால் வகுத்து, மெஷினுக்குத் தேய்மானம் எழுதுவது போல வருடா வருடம் கழிப்பார்கள். ராட்வெல்லை 2014-ல் மான்செஸ்டர் சிட்டியிடமிருந்து வாங்கினார்கள். ஒரு கோடி பவுண்டு, ஐந்து வருட ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படியானால் வருடத்துக்கு 20 லட்சம் தேய்மானம். வாரச் சம்பளம் 70 ஆயிரம் பவுண்டு என்றார்கள். 52 வாரத்துக்கு 36 லட்சத்து 40 ஆயிரம். கிளப் கீழே விழுந்தால் சம்பளம் குறையும் என்ற ஷரத்து மற்ற ஒப்பந்தங்களில் இருந்தது. இவருடையதில் இல்லை. அடிக்கடி காயம் வேறு. 'ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போயிடேன்' என்று கிளப் கேட்கிறது. அவர் போகவில்லை. தொடர் அவரை வில்லனாக்கிவிடுகிறது. அவர் தரப்பு நமக்குச் சரியாகக் கிடைப்பதே இல்லை.

நீங்களே சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி சம்பளம் வாங்குகிறவன் குற்றவாளியா, ஷரத்து இல்லாமல் ஒப்பந்தம் எழுதியவர் குற்றவாளியா? தொடரில் திட்டு வாங்குகிற தலைமை அதிகாரி மார்ட்டின் பெய்ன் 2016-ல்தான் வந்தார். அது அவர் எழுதிய ஒப்பந்தமில்லை. அப்போதும் முதலாளியாக இருந்தவர் எல்லிஸ் ஷார்ட் என்ற அமெரிக்கர். அவர் திரைக்கு வந்து பேசுவதே இல்லை. இல்லாதவரைத் திட்ட முடியாது, இருப்பவனைத் திட்டலாம். சுலபமான வழி.

இப்போது ஜெர்மெய்ன் டிஃபோவைப் பாருங்கள். 2016-17-ல் கடைசி இடத்தில் முடித்த அணிக்காக லீகில் 15 கோல் போட்டவர். அவர் ஒப்பந்தத்திலும் ஒரு ஷரத்து இருந்தது. கிளப் கீழே விழுந்தால் இலவசமாகக் கிளம்பலாம். கிளம்பினார், போர்ன்மத்துக்கு. பதினைந்து கோல் ஆட்டக்காரருக்கு கிளப் கையில் ஒரு பென்னி வரவில்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு ராட்வெல் ஒரு நஷ்டம் என்றால் டிஃபோவும் நஷ்டம்தான். ஆனால் ரசிகர்களின் பேரேடு வேறு. புற்றுநோயால் இறந்த ஆறு வயது ரசிகன் ஒருவனோடு டிஃபோ கொண்ட நட்பு ஊருக்கே தெரியும். அது ஐந்தொகையில் வராது. 'குட்வில்' என்று ஒரு தலைப்பு உண்டு, அதில்கூட வராது.

2022-ல், 39 வயதில், மூன்றாம் டிவிஷனில் இருந்த சண்டர்லேண்டுக்குத் திரும்பி வந்தார் டிஃபோ. கடைசி இடத்துக்கு அருகே திணறிக்கொண்டிருந்த டான்காஸ்டரோடு மேட்ச். அவரைப் பார்க்க 38 ஆயிரம் பேர் வந்தார்கள். 2-1 என்று தோற்றார்கள். ஏழு மேட்ச் ஆடினார். ஒரு கோலும் இல்லை. மார்ச் மாதம் ஓய்வு பெற்றார். யாராவது கோபித்துக்கொண்டார்களா? அட, போங்க!

டேரன் பென்ட் கதை தலைகீழ். 2009-10-ல் 24 லீக் கோல். அதில் ஒன்று, லிவர்பூல் ரசிகர்கள் பக்கமிருந்து மைதானத்துக்குள் வந்த கடற்கரைப் பந்தில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. 2011 ஜனவரியில் ஆஸ்டன் வில்லா கேட்டது, போய்விட்டார். விலை ஒரு கோடியே 80 லட்சம் பவுண்டு, நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் கூடும் என்றார்கள். வாங்கிய விலையைவிட நிச்சயம் கூடுதல். புத்தகத்தில் சுத்த லாபம். ரசிகர் பேரேட்டில் சிவப்பு மை. நடு சீசனில் விட்டுப் போனவன் என்று.

2018 ஏப்ரல் 21. பர்ட்டன் ஆல்பியனோடு சொந்த மைதானத்தில் மேட்ச். 86-வது நிமிடம்வரை சண்டர்லேண்ட் 1-0 என்று முன்னிலை. பர்ட்டனுக்காக வந்து சமன் செய்த ஆட்டக்காரர் யார் தெரியுமா? டேரன் பென்ட். கூடுதல் நேரத்தில் இன்னொரு கோல். 2-1. சண்டர்லேண்ட் மூன்றாம் டிவிஷனுக்குப் போனது. எந்தக் கதாசிரியரும் இப்படி எழுதினால் 'நம்பும்படியா எழுதுய்யா' என்று டைரக்டர் திருப்பி அனுப்புவார். இதை வைத்து மட்டுமே ஒரு எபிசோட் எடுத்திருக்கலாம்.

நயல் குவினை வைத்து இரண்டு எடுத்திருக்கலாம். பழைய ஸ்ட்ரைக்கர், 2006-ல் கிளப்பின் சேர்மனாகவே வந்துவிட்டார். மேனேஜராகக் கொண்டுவந்தது யாரை? 2002 உலகக் கோப்பைக்கு முன் அயர்லாந்து அணியில் தன்னோடு முட்டிக்கொண்ட ராய் கீனை! அந்த சீசன் 2007-ல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். அதே 2007-ல் கார்டிஃப் மேட்ச் பார்த்துவிட்டுத் திரும்பிய ரசிகர்கள் சிலரை பிரிஸ்டலில் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். குவின் தன் காசில் டாக்ஸி பிடித்து ஊர்வரை அனுப்பினார். பிரிஸ்டலிலிருந்து சண்டர்லேண்ட், இங்கிலாந்தின் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு மூலை. ஆயிரக்கணக்கில் பில். குவின் போட்ட கோல் எத்தனை என்று கேட்டால் தலையைச் சொறிகிறவரும் டாக்ஸியைச் சொல்லிவிடுவார்.

இந்தப் பேரேடு எப்போதும் நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். ராட்வெல் விஷயத்தில் ரசிகர்கள் சொல்வது தப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அது இருக்கிறது, அதற்கு விதிகள் இருக்கின்றன. அதைக் காட்டியிருந்தால், ராட்வெல் மீதான கோபம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல என்று புரிந்திருக்கும். தொடர் பணத்தைக் காட்டியது, கண்ணீரைக் காட்டியது, நடுவில் இருப்பதை விட்டுவிட்டது.

பார்க்கலாமா? முதல் பாகம் எட்டு எபிசோடும் கட்டாயம் பாருங்கள். 2020-ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஜனவரி கடைசி நாளில் வில் க்ரிக்கை வாங்க புது முதலாளி ஸ்டூவர்ட் டொனால்ட் போனில் விலையை ஏற்றிக்கொண்டே போகிற காட்சிக்காகவே பாருங்கள். பி.காம். வகுப்பில் பாடமாக வைக்கலாம். சுமார் 30 லட்சம் பவுண்டு. அந்த அரை சீசனில் லீகில் நாலு கோல். 2024-ல் வந்த மூன்றாம் பாகம் மூன்றே எபிசோட், அவசரச் சமையல். டிஃபோ திரும்பி வந்த சீசன் அது என்பதுதான் வேதனை.

சண்டர்லேண்ட் 2022-ல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. 2025 மே 24, வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைடெட்டோடு பிளே-ஆஃப் ஃபைனல். 1-1. டாம் வாட்சன் என்ற பையன் சப்ஸ்டிட்யூட்டாக இறங்கினான். கிளப் அகாடமியிலேயே வளர்ந்தவன், வயது 19. ஃபைனலுக்கு முன்பே பிரைட்டனுக்குப் போவதாக ஒப்பந்தம் ஆகிவிட்டது, எல்லோருக்கும் தெரியும். கிளப்பின் கனவு முடியும் முன்பே வேறு வேலை பார்த்துக்கொண்டவன். 95-வது நிமிடத்தில் அவன் அடித்த கோலில்தான் சண்டர்லேண்ட் பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. அந்த கிளப்புக்காக அவன் ஆடிய கடைசி மேட்ச் அது. அந்த வாரம் சண்டர்லேண்டில் யாரும் அவனைத் திட்டியிருக்க வாய்ப்பே இல்லை.