சிரிப்பும் சீருடையும்: ஒரு பொலிஸ் நகைச்சுவைத் தொடர் பற்றிய பார்வையாளர் அபிப்பிராயங்கள்

ஒரு கலைப் படைப்புப் பற்றி அதனை நுகர்வோர் கூறும் அபிப்பிராயங்கள் விமர்சனத்தின் கவனத்துக்குரியனவா என்னும் வினா புதியதன்று. தூய அழகியல்வாதிகள் அவற்றை வெறும் இரசனை வேறுபாடுகள் என ஒதுக்குவர். முற்போக்கு விமர்சகர் சிலரும், வெகுசனத் தொடர்பு சாதனங்கள் வழி வருவன யாவும் மக்களை மயக்கும் அபினே என்ற முடிபை முன்னரே எடுத்துக்கொண்டு, அவற்றைப் பார்ப்போர் கூறுவதற்குச் செவிசாய்க்க மறுப்பர். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: இரண்டுமே பார்வையாளரைச் சிந்திக்கும் மனிதராகக் கொள்வதில்லை. பார்வையாளர் அபிப்பிராயம் ஒரு சமூக ஆவணம் என்பதும், அது பிளவுபட்டு நிற்கும் இடங்களிலேதான் படைப்பின் கருத்துநிலை மிகத் தெளிவாக வெளிப்படுகின்றது என்பதும் எமது கருத்து. இதனை நிறுவுவதற்கு, 2013 செப்டெம்பர் முதல் 2021 செப்டெம்பர் வரை ஐக்கிய அமெரிக்காவில் ஒளிபரப்பாகிய 'புறூக்ளின் நைன்-நைன்' என்னும் தொடரை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

1

டான் கூர், மைக்கல் ஷூர் ஆகிய இருவரும் உருவாக்கிய இத்தொடர் எட்டுப் பருவங்களில் 153 அங்கங்களாக வெளிவந்தது. நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிலுள்ள 99 ஆம் பிரிவு என்னும் கற்பனைப் பொலிஸ் நிலையமே அதன் களம். குணத்தால் ஒவ்வாத இரு பொலிஸாரை இணைத்துவிட்டு, அவர்களது உரசலிலும் நட்பிலும் சிரிப்பைப் பிறப்பிப்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் நீண்ட வரலாறு கொண்ட ஓர் உத்தி. 1961 முதல் 1963 வரை ஒளிபரப்பாகிய 'கார் 54, வெயர் ஆர் யூ?' என்ற தொடரின் இரு ரோந்துப் பொலிஸாரிடமே இதனைக் காணலாம். 'புறூக்ளின் நைன்-நைன்' இவ்வுத்தியை ஒரு நிலையம் முழுவதற்கும் விரித்தது. விளையாட்டுப் புத்தி மாறாத துப்பறிவாளன் ஜேக் பெரால்ற்றாவும் (அன்டி சம்பேர்க்) முகத்தில் உணர்ச்சியே காட்டாத கப்டன் றேமண்ட் ஹோல்ற்றும் (2023 இல் காலமான அன்ட்ரே பிறவுகர்) அதன் மைய இணை. ஜேக்கும் அவனை வழிபடும் நண்பன் சார்ள்ஸ் பொய்லும் இன்னோர் இணை.

இவ்வடிவத்தின் சமூகப் பணி யாது? பொலிஸ் என்பது அரசின் வன்முறை உறுப்பு. குடிமகனுக்கும் அதற்கும் உள்ள உறவு அதிகாரத்தின் பாற்பட்டது. இணை பிரியாப் பொலிஸ் தோழர் கதையோ அவ்வுறவைப் பார்வையிலிருந்து அகற்றி, அதனிடத்தில் பொலிஸாருக்கும் பொலிஸாருக்கும் இடையிலான உறவை நிறுத்துகின்றது. நிலையத்துக்குள்ளே நட்பு, காதல், போட்டி, விட்டுக்கொடுப்பு ஆகிய அனைத்தும் உள. நிலையத்துக்கு வெளியே உள்ள மக்கள் வழக்குகளாக மட்டும் வந்து போகின்றனர். ஆயுதந்தரித்த நிறுவனமொன்று வேலைத்தலமாக, பின்னர் குடும்பமாக மாறிவிடுகின்றது. வன்முறையினால் மாத்திரமன்றி இசைவினாலும் ஆளும் வர்க்கம் தன் மேலாண்மையைப் பேணுகின்றது என்ற கிராம்சியின் கருத்தை விளக்க இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

நாயகன் ஜேக் பொலிஸில் சேர்ந்தமைக்குத் தூண்டுதலாக இருந்தது 'டை ஹார்ட்' (1988) என்னும் திரைப்படமாகும். அதாவது, பார்வையாளர் விரும்பும் இப்பொலிஸ்காரனே முதலில் ஒரு பார்வையாளன். திரையிற் கண்ட பொலிஸையே அவன் வாழ்விலும் தேடுகின்றான். தொடர் இதனை நகைச்சுவையாகவே கையாளுகின்றதெனினும், கருத்துநிலை எவ்வாறு தன்னைத் தானே மறுவுற்பத்தி செய்கின்றது என்ற உண்மை அந்நகைச்சுவையினுள் அடங்கியுள்ளது.

2

முதல் ஐந்து பருவங்கள் பற்றிய பார்வையாளர் அபிப்பிராயங்களில் திரும்பத் திரும்ப ஒலிப்பது இத்தொடர் தரும் 'ஆறுதல்' ஆகும். எவரையும் இழிவு செய்யாது சிரிக்க வைக்கின்றது, களைத்து வீடு திரும்புவோருக்கு இதமளிக்கின்றது என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இவற்றை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பினருமான ஹோல்ற், அவ்விரு காரணங்களாலும் பல்லாண்டுகள் தலைமைப் பதவி மறுக்கப்பட்டவராகச் சித்திரிக்கப்படுகின்றார்; ஆயின் அவரது நிறமோ பாலீர்ப்போ ஒருபோதும் கேலிப்பொருளாவதில்லை. இலத்தீன் அமெரிக்க வழிவந்த இரு பெண்கள், ஏமி சந்தியாகோவும் றோசா டயஸும், துப்பறிவாளராக ஒரே நிலையத்திற் பணியாற்றுகின்றனர். 2017 டிசெம்பரில் ஒளிபரப்பாகிய அங்கங்களில் றோசா தான் இருபாலீர்ப்பினள் என்பதைத் தன் நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் வெளிப்படுத்துகின்றாள். தொலைக்காட்சியில் தம்மைக் காணாதிருந்த மக்கட் பிரிவினர் இங்கு தம்மைக் கண்டனர். அவர்களது நன்றியுணர்வு மெய்யானது. 2020 இல் கியூபெக்கில் பிரெஞ்சு மொழியில் இத்தொடர் மீளாக்கம் செய்யப்பட்டபோது அவ்விரு பெண்களின் இடத்தில் வெள்ளை நடிகையர் அமர்த்தப்பட்டமையும், அதற்கெதிராகக் கண்டனம் எழுந்தமையும் இவ்வுணர்வின் ஆழத்தைக் காட்டும்.

எனினும், இவ்வாறுதல் எதனை விலையாகக் கொடுத்துப் பெறப்படுகின்றது என்பதை நாம் வினவுதல் வேண்டும். 2018 இல் ஒளிபரப்பாகிய ஐந்தாம் பருவ அங்கமொன்றின் தொடக்கக் காட்சியை நோக்குவோம். பார்வையாளர் மிகுதியாக மேற்கோள் காட்டி மகிழும் காட்சி இது. கொலையாளியொருவன் பிரபல பாடலொன்றைப் பாடியதை ஒளிந்திருந்து கேட்ட பெண், அவனை அடையாளங் காட்ட நிலையத்துக்கு வருகின்றாள். சந்தேகத்துக்குரிய ஐவரை வரிசையில் நிறுத்தி அப்பாடலின் அடிகளைப் பாடச் செய்கின்றான் ஜேக். ஒவ்வொருவராகப் பாடப் பாட அவன் இசையிலே தன்னை மறக்கின்றான். தானும் உரக்கப் பாடுகின்றான். ஐந்தாமவனே தன் சகோதரனைக் கொன்றவன் என்று அப்பெண் கூறுகையில்தான் கொலை நடந்ததே அவனுக்கு நினைவு வருகின்றது. அந்த மறதியை அவன் வாய்விட்டுச் சொல்லும் கணத்தில் பார்வையாளர் சிரிப்பு வெடிக்கின்றது.

அக்காட்சி திறம்பட அமைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் நகைச்சுவை எதில் தங்கியுள்ளது? துயருற்ற ஒருத்தி அருகில் நிற்க, அவளை மறந்துவிடுவதில். அவன் மறக்கும்போது பார்வையாளரும் உடன் மறக்கின்றனர். அவன் நினைவுகூரும்போது தாமும் மறந்திருந்ததை உணர்ந்து நகைக்கின்றனர். மறதியே இத்தொடரின் நகைச்சுவையின் ஆதாரம் என நாம் கூறுவோம். தடுத்து வைக்கப்பட்டோர், விசாரிக்கப்படுவோர், உறவினரை இழந்தோர் ஆகியோரை ஒவ்வோர் அங்கத்திலும் சில நிமிடங்களேனும் மறந்தாலன்றி இச்சிரிப்பு சாத்தியமன்று. அவ்வாறு மறப்பதற்குப் பார்வையாளர் எந்த அளவுக்கு வசதி பெற்றிருக்கின்றனர் என்பது அவரது வர்க்கத்தையும் நிறத்தையும் பொறுத்தது.

தொடரை ஆக்கியோர் இதனை அறியாதவரல்லர். 2017 மே மாதத்தில் ஒளிபரப்பாகிய 'மூ மூ' என்ற அங்கத்தில், கறுப்பினச் சார்ஜன்ட் ரெறி ஜெவோர்ட்ஸ் தன் குழந்தையின் தொலைந்த போர்வையைத் தேடித் தன் வீட்டுத் தெருவிலேயே நடக்கையில், வெள்ளைப் பொலிஸ்காரனொருவனால் குற்றவாளி போல நிறுத்தப்படுகின்றான். முறைப்பாடு செய்தல் பதவியுயர்வைப் பாதிக்கும் என ஹோல்ற் முதலில் எச்சரிக்கின்றார். பின்னர் தம் மனத்தை மாற்றிக்கொள்கின்றார். ரெறி முறைப்பாடு செய்கின்றான். விரும்பிய பதவியை இழக்கின்றான். இவ்வங்கத்தில் மறதி சிறிது நேரம் கலைகின்றது. ஆயின் அடுத்த அங்கத்தில் நிலையம் மீண்டும் குடும்பமாகிவிடுகின்றது. விதிவிலக்கான ஓர் அங்கத்துக்குப் பிரச்சினையை ஒப்படைத்துவிட்டு எஞ்சியவற்றை அதனின்றும் விடுவித்துக்கொள்வது தொடர்கதை வடிவத்துக்கே உரிய ஒரு வசதியாகும்.

3

பார்வையாளர் அபிப்பிராயம் ஒரு சக்தியாகத் தொழிற்பட்டதென்று பலரும் கொண்டாடும் நிகழ்ச்சி 2018 மே மாதத்தில் நடந்தது. மே 10 ஆம் திகதி பொக்ஸ் வலையமைப்பு இத்தொடரைக் கைவிட்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. பிரபல திரைப்பட நெறியாளர் கியேர்மோ டெல் ரோறோ போன்றோரும் அவற்றில் இணைந்தனர். மறுநாளே என்.பி.சி. வலையமைப்பு தொடரைத் தான் ஏற்பதாக அறிவித்தது. இதற்கு முன்னோடியும் உண்டு. இரு பெண் பொலிஸ் தோழியரைப் பற்றிய 'காக்னி அன்ட் லேசி' தொடர் 1983 இல் நிறுத்தப்பட்டபோது, பார்வையாளர் எழுதிக் குவித்த கடிதங்கள் அதனை மறு ஆண்டில் மீளக் கொணர்ந்தன.

மக்கள் குரல் வென்றது என்பது உண்மையின் ஒரு பாதியே. 'புறூக்ளின் நைன்-நைன்' தொடரைத் தயாரித்தது யூனிவேர்சல் தொலைக்காட்சி நிறுவனம். அந்நிறுவனமும் என்.பி.சி.யும் ஒரே உடைமையாளருக்குரியவை. பொக்ஸ் அதனை ஒளிபரப்பியதேயன்றி உடைமையாகக் கொண்டிருக்கவில்லை. எனவே என்.பி.சி. மீட்டது பார்வையாளரின் நண்பர்களை மட்டுமன்று. தன் குழுமத்தின் சொத்தையுமாகும். நுகர்வோனாக நின்று பார்வையாளன் விடுத்த கோரிக்கை மூலதனத்தின் நலனுடன் ஒத்துச் சென்றமையால் ஒரே நாளில் நிறைவேறிற்று. குடிமகனாக நின்று அவன் விடுத்த கோரிக்கைக்கு நேர்ந்தது வேறு.

4

2020 மே 25 ஆம் திகதி மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்ற கறுப்பினத்தவர், பொலிஸ்காரனொருவன் கழுத்தில் முழங்காலை ஊன்றி அழுத்தியமையால் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்தெழுந்த பேரெழுச்சி தொலைக்காட்சிப் பொலிஸாரையும் விட்டுவைக்கவில்லை. தொடரின் நடிகரும் டான் கூரும் பிணைப்பண நிதியமைப்பொன்றுக்கு 100,000 டொலர் வழங்கினர். எட்டாம் பருவத்துக்கென ஆயத்தமாகியிருந்த நான்கு அங்கங்களின் பிரதிகள் கைவிடப்பட்டன என்று, ரெறியாக நடித்த ரெறி குறூஸ் அவ்வாண்டு ஜூனில் வெளிப்படுத்தினார். பத்து அங்கங்கள் மட்டுமே கொண்ட இறுதிப் பருவம் 2021 ஓகஸ்டில் தொடங்கிச் செப்டெம்பர் 16 ஆம் திகதி முடிவடைந்தது.

இக்காலப்பகுதியில் பார்வையாளர் அபிப்பிராயம் மூன்றாகப் பிரிந்தது. நகைச்சுவைத் தொடருக்கு அரசியல் எதற்கு, உபதேசம் செய்யாது சிரிக்க வையுங்கள் என்றனர் ஒரு சாரார். பொலிஸை அன்புக்குரியதாக்கும் தொடரை இனியும் நடத்துவதே தவறு என்றனர் மறு சாரார். இடையில் நின்ற பெருந்தொகையினர் அத்தொடரை விடவும் முடியாது, பழையபடி பார்க்கவும் முடியாது தவித்தனர். பிரித்தானிய மார்க்சியரான ஸ்ருவேர்ட் ஹோல் 1973 இல் எடுத்துக்கூறிய மூவகை வாசிப்பு நிலைகளை, அதாவது ஆதிக்கக் கருத்தை அப்படியே ஏற்பது, அதனுடன் ஓரளவு உடன்பட்டும் முரண்பட்டும் நிற்பது, அதனை முற்றாக எதிர்த்து வாசிப்பது என்பவற்றை, இப்பிரிவுகள் ஏறத்தாழ ஒத்திருக்கின்றன. ஒரே பார்வையாளர் சில கிழமைகளுக்குள் ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு நகர்ந்தமையும் காணக்கூடியதாயிருந்தது. அவர்களை நகர்த்தியது படைப்பன்று. வீதியில் நடந்த போராட்டம்.

இடைநிலையினர் பலர் முன்வைத்த ஒரு யோசனை எமது சிறப்பான கவனத்துக்குரியது. அடுத்த பருவத்தில் இதே பாத்திரங்கள் அனைவரும் எவ்வித விளக்கமுமின்றித் தபால் ஊழியராகத் தோன்றட்டும் என்பதே அது. வேடிக்கையாகச் சொல்லப்பட்டதெனினும், எந்த விமர்சகரும் கூறாத உண்மையொன்று இதில் உண்டு. தாம் விரும்பியது பொலிஸை அன்று, ஒன்றாக உழைக்கும் மனிதரின் தோழமையையே என்பதைப் பார்வையாளர் தாமே கண்டுகொண்டனர். அந்நியமாக்கப்பட்ட உழைப்பின் உலகில், பணியிடத்தில் அன்பும் மதிப்பும் நிலவும் எனக் கனவு காண்பது நியாயமான ஏக்கமே. அந்த ஏக்கத்துக்குச் சீருடை அணிவித்துக் காட்டியமையே இத்தொடரின் கருத்துநிலைச் சாதனை. பார்வையாளர் சீருடையைக் கழற்றிவிட்டு ஏக்கத்தை மட்டும் திருப்பித் தருமாறு கேட்டனர்.

தொடர் தந்த விடை யாது? எட்டாம் பருவத்தின் முதல் அங்கத்தில் றோசா பொலிஸிலிருந்து விலகித் தனியார் துப்பறிவாளராகியிருக்கின்றாள். பொலிஸாரால் தாக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு நீதி தேட ஜேக் அவளுக்கு உதவுகின்றான். தான் நல்ல பொலிஸ்காரன் என்பதை நிறுவும் அவசரமும் அவ்வுதவியில் உண்டு. அப்பெண்மீதான வழக்கு நீங்குகின்றது, தாக்கியோர் தப்புகின்றனர். தொடரின் மிக நேர்மையான கணங்களில் இது ஒன்று. இன்னோர் அங்கத்தில் தவறான கைதொன்றுக்காக ஜேக் பதவியிடைநிறுத்தத்தை ஏற்கின்றான். இறுதியில் ஹோல்ற்றும் ஏமியும் பொலிஸ் சீர்திருத்தத் திட்டத்தைப் பொறுப்பேற்க, ஜேக் மகனைப் பராமரிப்பதற்காகப் பதவி விலகுகின்றான்.

நிறுவனத்தின் பிரச்சினை இங்கு தனிமனிதரின் ஒழுக்கப் பிரச்சினையாக மாற்றப்பட்டுள்ளமையைக் காண்கின்றோம். நல்லவர் ஒருவர் விலகுகின்றார், நல்லவர் இருவர் சீர்திருத்துகின்றனர். நிறுவனம் அப்படியே நிற்கின்றது. 'உபதேசம்' என்று சலித்துக்கொண்டோரும் 'போதாது' என்று குறைகூறியோரும் உண்மையில் ஒரே குறைபாட்டையே இரு திசைகளிலிருந்து உணர்ந்தனர். மறதியில் கட்டப்பட்ட வடிவம் நினைவின் பாரத்தைத் தாங்காது. முன்னையோர் சிரிப்புக் குன்றியதை உணர்ந்தனர். பின்னையோர் உண்மை குன்றியதை உணர்ந்தனர்.

5

தொகுத்து நோக்குமிடத்து, பார்வையாளர் அபிப்பிராயங்கள் எமக்கு இரு செய்திகளைத் தருகின்றன. முதலாவது, வெகுசனக் கலையை மக்கள் விரும்புவதை வெறும் ஏமாறுதல் எனக் கொள்ளலாகாது. அவ்விருப்பத்தினுள் நியாயமான மனிதத் தேவையொன்று உறைந்து கிடக்கின்றது. அதனை இனங்கண்டு, அதன்மீது ஏற்றப்பட்ட கருத்துநிலையிலிருந்து பிரித்துக் காட்டுதலே மார்க்சிய விமர்சனத்தின் பணி. இரண்டாவது, பார்வையாளரின் பிரக்ஞை நிலையானதன்று. சமூகப் போராட்டம் கூர்மையுறும்போது அது மாற்றமுறுகின்றது. 2018 இல் தொடரை மீட்குமாறு கேட்டவர்களும் 2020 இல் அதனை ஐயுற்றவர்களும் பெரும்பாலும் ஒரே மக்களே. அதே பாடற் காட்சியை அவர்கள் மீண்டும் பார்க்கும்போது இப்போதும் சிரிக்கக்கூடும். ஆனால் வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கும் ஐவரில் நால்வர் அக்குற்றத்தைச் செய்யாதவர் என்பதும், கண்ணாடிக்கு இப்புறம் நிற்கும் பெண் தன் சகோதரனை இழந்தவள் என்பதும் இனி அவர்களுக்கு மறக்காது. நினைவோடு சிரிக்கக்கூடிய ஒரு நகைச்சுவையை அவர்கள் வேண்டி நிற்கின்றனர். அதனை ஆக்கித் தரும் ஆற்றல் தொலைக்காட்சி முதலாளித்துவத்துக்கு உண்டா என்பது வேறு வினா. அவ்வேட்கை பிறந்துவிட்டது என்பதே இன்று எமக்கு முக்கியமானது.